மோபினுக்கு அரைத்த மா

நானும் என் கணவரும் கனடாவில், ஸ்காபரோவில் ஒரு மில்லில் வேலை செய்கிறோம். மில் என்றதும் பெரிய ஆலையை நினைக்க வேண்டாம். கார் திருத்தும் கடைக்கும் தளபாடக் கடைக்கும் நடுவில் ஒரு நீளமான யூனிட், அவ்வளவுதான். முன்னுக்குக் கவுண்டர். பின்னுக்கு இரண்டு மிஷின்கள், ஒன்று மிளகாய்த்தூளுக்கு, மற்றது மாவுக்கு. மிஷின்களோடு நிற்பவர் இவர். கவுண்டரில் நிற்பதும் தூளைப் பைகளில் நிறுத்துக் கட்டுவதும் என் வேலை. முந்தி பஸ்ஸில் வேலைக்குப் போய்வந்த காலத்தில் எங்களுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் எல்லோரும் தும்மினார்கள். அந்தச் சனத்தின் மேல் இரக்கப்பட்டுத்தான் கார் வாங்கினோம் என்று இவர் பகிடியாகச் சொல்வார்.

போன வருடம் மார்ச் மாதக் கடைசியில் ஒரு பெண் கடைக்கு வந்தாள். இருபத்தெட்டு, முப்பது வயது இருக்கும். நெஞ்சோடு சேர்த்துக் கட்டிய பையில் ஒரு கைக்குழந்தை. சின்னக் கண்களும் அகன்ற கன்னங்களுமாக இருந்த அவளைப் பார்த்துச் சீனாக்காரி என்று நினைத்தேன். ஆனால் ஆங்கிலத்தில் பேசத் தொடங்கியதும் அதில் இந்தியாவின் சாயல் இருந்தது.

"வெள்ளை அரிசி மா வேண்டும். வறுக்காதது. அன்றைக்கே அரைத்தது," என்றாள்.

எங்களிடம் எப்போதும் இருப்பது பிட்டுக்கும் இடியப்பத்துக்கும் வறுத்த மா. வறுக்காத மா அரைத்தால் இரண்டு நாளில் புளித்த மணம் வந்துவிடும். அதனால் சொல்லி வைத்தால்தான் அரைப்போம். என்ன பலகாரத்துக்கு என்று கேட்டேன்.

"சாப்பிட இல்லை. முகத்தில் பூச," என்றாள்.

"முகத்துக்கு எண்டால் கடலைமா நல்லம் பிள்ளை," என்று தமிழில் சொல்லிவிட்டு, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளக்கவும் தொடங்கினேன். அவள் சிரித்துவிட்டாள். அழகுக்கு இல்லையாம், பண்டிகைக்காம்.

தன் ஊர் அருணாசலத்தில் என்றாள். அருணாசலம் என்றதும் என் மனம் நேரே திருவண்ணாமலைக்குப் போய்விட்டது. அவள் தலையை ஆட்டி, போனில் வரைபடத்தை விரித்து, இந்தியாவின் வடகிழக்கு மூலையைக் காட்டினாள். அருணாசலப் பிரதேசம். மலைகளும் ஆறுகளும். தாங்கள் காலோ என்ற இனம் என்றாள். விதைப்புத் தொடங்கும் காலத்தில், ஏப்ரல் முதல் கிழமையில், மோபின் என்று ஒரு பண்டிகை. மோபின் ஒரு தாய்த் தெய்வம், முதல் மனிதனுக்கு நெல் விதைக்கச் சொல்லிக்கொடுத்தவள். விளைச்சல் நன்றாக இருக்கவேண்டும், நோயும் கெடுதலும் ஊருக்குள் வரக்கூடாது என்று அவளைக் கும்பிட்டு, ஆளுக்கு ஆள் முகத்தில் அரிசிமாவைப் பூசிக்கொள்வார்கள். பூசாமல் ஒருவரையும் விடமாட்டார்கள்.

"கடையில் வாங்கின மா பழைய வாசனை அடிக்கிறது. இது இவனுக்கு முதல் மோபின்," என்று குழந்தையின் தலையில் கைவைத்தாள்.

அடுத்த கிழமை சனிக்கிழமை பதினொரு மணிக்கு வந்து எடுப்பதாகச் சொன்னாள். போகும்போது ஒரு கடதாசியில் முகவரி எழுதித் தந்தாள். வெக்ஸ்போர்டில் ஒரு மாடிக் கட்டிடம். கீழ்த்தளத்தில் இருக்கும் பார்ட்டி ரூமில், ஞாயிற்றுக்கிழமை பகல் ஒரு மணிக்கு. "அன்ரி, அங்கிளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். இந்தப் பக்கத்தில் எங்கள் ஆட்கள் மிகவும் குறைவு." எந்தத் தமிழ்க் கடையில் பழகினாளோ, அன்ரி என்று அவள் சொன்னது எங்கள் பிள்ளைகள் சொல்வது போலவே இருந்தது. நான் ஓம் ஓம் என்று தலையாட்டினேன். போகும் எண்ணம் கொஞ்சமும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை உடுப்புத் தோய்க்கிற நாள்.

சொன்ன சனிக்கிழமை காலையில் இவருக்குக் கண் டொக்டரிடம் அப்பொயின்ற்மென்ற். நான் தனியாகத்தான் கடையைத் திறந்தேன். மா மிஷினைப் போட்டால் அது முனகிவிட்டு நின்றுவிட்டது. பெல்ற் அறுந்திருந்தது. மணி பத்தரை. குளிருக்குள் குழந்தையையும் சுமந்துகொண்டு அவள் வந்துவிடுவாளே என்ற பதற்றம் எனக்கு. மிளகாய் மிஷினைப் பிரஷால் கூட்டித் துடைத்தேன். ஒரு கிலோ அரிசியைச் சும்மா அரைத்து அள்ளிக் கொட்டினேன். இரண்டாவது கிலோ வெள்ளையாகத்தான் வந்தது. கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன், பால் மாதிரி இருந்தது. பிறகு அவளுக்கென்று எடுத்துவைத்த அரிசியைப் போட்டு அரைத்துக் கட்டி வைத்தேன். வந்தாள், பையை முகர்ந்து பார்த்து, "புது மா," என்று சந்தோஷமாக எடுத்துக்கொண்டு போனாள். மிளகாய் மணத்துக்குள்ளேயே நாள் முழுக்க நிற்கும் எனக்கு அந்த மணம் தெரியாது. கடைக்குள் நின்று முகர்ந்த அவளுக்கும் தெரிந்திருக்காது.

மத்தியானம் இவர் வந்தார். கண்ணுக்கு மருந்து விட்டிருந்ததால் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். நேரே பின்னுக்குப் போனவர், மிளகாய் மிஷினின் வாயில் வெள்ளையைக் கண்டிருக்கவேண்டும். விரலால் தொட்டு நாக்கில் வைத்தார்.

"எந்த மிஷினிலை அரைச்சனீர்?"

சொன்னேன்.

"உறைக்குது," என்றார். "கொஞ்சமாத்தான். ஆனா உறைக்குது."

நானும் தொட்டுப் பார்த்தேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு நாக்கு நுனியில் ஊசி குத்துவது போல மெல்ல ஏறியது.

"முகத்துக்கெல்லே பூசப்போகினம். கண்ணுக்கை போனால்? அந்தக் குழந்தைக்கும் எல்லே பூசுவினம்?"

இவர் என்னைக் கோபித்துப் பேசவில்லை. பேசியிருந்தால் நானும் ஏதாவது திருப்பிச் சொல்லியிருப்பேன். போன் நம்பரைத் தேடினோம். கொப்பியில் 'வெள்ளை மா, பிள்ளைக்காரி' என்று மட்டும்தான் எழுதியிருந்தேன். அந்தக் கடதாசியில் பார்ட்டி ரூமின் முகவரி இருந்தது, வீட்டு நம்பர் இல்லை. வேலை முடிந்து வரும் வழியில் அந்தக் கட்டிடத்துக்குப் போய்க் கேட்டோம். வாசலில் இருந்த காவல்காரருக்கு யாரைக் கேட்கிறோம் என்றே விளங்கவில்லை. அவளுடைய பெயர்கூட எங்களுக்குத் தெரியாதே.

"நாளைக்கு நாங்கள் புது மா கொண்டு போவம்," என்றார் இவர், காருக்குள் ஏறியதும். "ஒரு மணிக்கு முந்திப் போனால் சரி."

வீட்டுக்கு வந்ததும் பச்சையரிசியை ஊறப்போட்டோம். ஞாயிற்றுக்கிழமை விடியவே எழும்பி வடித்து, துணியில் பரப்பி, வீட்டு மிக்ஸியில் கொஞ்சம் கொஞ்சமாக அரைக்கத் தொடங்கினோம். இவர் அரைத்தார், நான் அரிதட்டில் சலித்து அரித்தேன். மோர்னிங்சைட்டில் எங்கள் அபார்ட்மென்ற் சமையலறை இரண்டு பேர் நின்றால் நிறைந்துவிடும். ஆளுக்கு ஆள் முழங்கை இடித்தது.

"இன்னும் மெல்லிசா அரியும்," என்றார். "குழந்தையின்ரை தோல்."

அரித்த மாவைத் திரும்பவும் ஒருமுறை அரித்தேன்.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதை இந்த இடத்தில் சொல்லிவிடவேண்டும். கலியாணம் முடித்து நாலு மாதத்தில் இவர் நாட்டை விட்டு வெளிக்கிட்டார். பல நாடுகளில் நின்று, கனடா வந்து, அகதிக் கேஸ் சரிவந்து, என்னைக் கூப்பிட ஏழு வருடம் ஆனது. விமான நிலையத்தில் ஒரு பெரிய குளிர்ச்சட்டையோடு நின்றார். அதை எனக்குப் போட்டுவிட்டு, சிப்பைக் கழுத்துவரை இழுத்து மூடி, சூட்கேசைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். அவ்வளவுதான் எங்கள் சந்திப்பு. பிறகு டொக்டர்மார், ஊசிகள், கோயில் நேர்த்திகள். ஒரு கட்டத்தில் இருவரும் அதைப் பற்றிப் பேசுவதை நிற்பாட்டிவிட்டோம். யாரும் என்னைப் புண்படுத்தியதாகச் சொல்லமாட்டேன். ஆனால் பிள்ளை பிறந்த வீட்டு முப்பத்தொன்றாம் நாளுக்குப் போனாலும், தொட்டிலில் போட்டாலும், "நாலு பிள்ளை பெத்தவ முன்னுக்கு வாங்கோ" என்று கூப்பிடும்போது எங்கே நிற்கவேண்டும் என்று எனக்குத் தெரியும். நானாகவே குசினிக்குள் போய்த் தேநீர்க் கோப்பைகளை அடுக்கப் பழகிக்கொண்டேன்.

இவரும் நல்ல மனிதர்தான். கையைப் பிடித்து நடக்கத் தெரியாதவர், அவ்வளவுதான். கோயிலுக்குப் போனாலும் கடைக்குப் போனாலும் நாலு அடி முன்னால் நடப்பார். நான் நின்றால் தானும் நிற்பார். திரும்பிப் பார்க்கமாட்டார்.

பன்னிரண்டரைக்கு வெளிக்கிட்டோம். ஏப்ரல் மாதம் என்று பெயர், பனி தூவிக்கொண்டிருந்தது. மாவை ஒரு எவர்சில்வர் சட்டியில் போட்டு, துணியால் கட்டி மடியில் வைத்திருந்தேன். வழியில் ஒரு விபத்து. வீதியை ஒரு பக்கம் மறித்துவிட்டார்கள். கட்டிடத்துக்குப் போய்ச் சேர ஒன்று பத்து. காவல்காரர் பெயர் கேட்டார், எந்த வீடு என்று கேட்டார். நான் சட்டியைத் திறந்து காட்டினேன். அவர் அதைப் பார்த்துவிட்டு என்ன நினைத்தாரோ, கதவைத் திறந்துவிட்டார்.

பார்ட்டி ரூமின் கண்ணாடிக் கதவுக்கு அப்பால் எல்லாம் வெள்ளையாக இருந்தது. பெண்கள் வெள்ளைத் துணி உடுத்து, கழுத்தில் கனத்த மணிமாலைகள் போட்டிருந்தார்கள். நடுவில் அந்தப் பெண். அவளுடைய கணவனின் மடியில் குழந்தை. அவள் ஒரு கிண்ணத்துக்குள் விரல்களைத் தோய்த்து எடுத்து, குழந்தையின் கன்னத்தை நோக்கிக் கையைக் கொண்டுபோனாள்.

எனக்கு ஆங்கிலம் மறந்துபோனது. கதவைத் தள்ளிக்கொண்டு, "பூசாதை! பிள்ளை, பூசாதை!" என்று கத்தினேன்.

எல்லோரும் திரும்பினார்கள். குழந்தை வீரிட்டு அழத் தொடங்கியது. அவளுடைய கை அந்தரத்தில் நின்றது. இவர் எனக்குப் பின்னால் ஓடிவந்து, மூச்சு வாங்க, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், "சில்லி. சில்லி இன் த ஃப்ளவர். மிஸ்ரேக். வெரி சொறி," என்றார். என் மிஸ்ரேக் என்று சொல்லவில்லை. கேட்டவர்கள் அவருடைய பிழை என்றுதான் நினைத்திருப்பார்கள்.

அவள் தன் விரலை நாக்கில் வைத்துப் பார்த்தாள். கண்களை விரித்தாள். கோபிக்கப்போகிறாள் என்று நான் தலையைக் குனிந்தேன். ஆனால் அவளோ ஓரத்தில் நின்ற ஒரு மனிதரைக் காட்டி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கிச்சினர் நகரில் இருந்து மனைவியோடு வந்தவராம். அவருக்கு ஐம்பது வயது இருக்கும். முதல் ஆளாக அவருக்குத்தான் இரண்டு கன்னத்திலும் பூசியிருந்தார்கள்.

"நானும் யோசித்தேன், இந்த வருடம் ஏன் முகம் இவ்வளவு சூடாக இருக்கிறது என்று," என்றார் அவர். "பரவாயில்லை. இந்தக் குளிருக்கு நல்லது."

அவரை இவர் கழுவும் தொட்டிக்குக் கூட்டிக்கொண்டு போனார். நான் சட்டியின் கட்டை அவிழ்த்தேன். காலையில் எங்கள் குசினியில் அரைத்தது என்று சொன்னேன். அவள் மாவைக் கையில் அள்ளி, விரல்களுக்கிடையே விட்டுப் பார்த்தாள். இரண்டுமுறை அரித்த மா தூசி மாதிரி விழுந்தது.

"இதை நீங்கள் இரண்டு பேரும் இன்றைக்கு விடியவே எழும்பிச் செய்தீர்களா?" என்று கேட்டாள். நான் ஓம் என்றேன். அவள் என் தோளில் கையை வைத்து அழுத்தினாள்.

மொத்தம் ஏழு பேர்தான். அவளும் கணவனும், கிச்சினர் தம்பதி, கல்லூரியில் படிக்கும் மூன்று பெண் பிள்ளைகள். குழந்தையைச் சேர்த்தால் எட்டு. பூசாரி இல்லை. ஊரில் அன்றைக்குப் பூசாரி சொன்ன மந்திரத்தை அவளுடைய தகப்பன் போனில் பதிந்து அனுப்பியிருந்தார். அதை ஒரு சின்ன ஸ்பீக்கரில் போட்டார்கள். நீண்டு நீண்டு போகும் குரல். இடையில் சேவல் கூவியது, யாரோ இருமினார்கள், ஒரு பெண் யாரையோ அதட்டினாள். அந்த அதட்டலைக் கேட்டதும் எங்களை அழைத்த பெண்ணின் முகம் மாறியது. "அம்மா," என்றாள் மெல்ல. அது எங்கள் மொழிச் சொல்லா அவளுடைய மொழிச் சொல்லா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

மந்திரம் முடிந்ததும் கையைக் கழுவிவிட்டு, எங்கள் சட்டி மாவில் தண்ணீர் விட்டுக் குழைத்தாள். இரண்டு கையும் மாவாக, கணவனிடம் இருந்து குழந்தையை எடுக்கச் சொல்லி எனக்குக் கண்ணைக் காட்டினாள். நான் வாங்கினேன். ஏழு மாதக் குழந்தை, நல்ல பாரம். அழுது முடிந்த விக்கலில் இருந்தது.

"அன்ரி, நீங்கள் பூசுங்கள் முதலில்," என்றாள்.

"நானோ? இல்லை, இல்லை. அம்மா நீதான்."

"மா கொண்டுவந்தவர் நீங்கள்தானே."

எனக்குக் கால் பின்னுக்குப் போனது. அந்த அறையில் ஒரு குசினி மூலை இருந்தது. அங்கே கோப்பைகளும் இருந்தன. முன்னுக்கு நிற்கக்கூடாதவள் என்று இவளுக்கு எப்படிச் சொல்வது, எந்த ஆங்கிலத்தில் சொல்வது? அப்போது இவர் எனக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"பூசும்," என்றார், மற்றவர்களுக்குக் கேட்காத குரலில். "பிள்ளை காத்துக்கொண்டு நிக்குது."

விரல் நுனியில் கொஞ்சம் எடுத்து அதன் கன்னத்தில் வைத்தேன். மா குளிர்ந்ததோ என்னவோ, குழந்தை விக்கலை நிறுத்தி என்னைப் பார்த்தது. மற்றக் கன்னத்திலும் பூசினேன். அது கையை நீட்டி என் மூக்கைப் பிடித்தது. எல்லோரும் ஏதோ சொல்லிக் கூவினார்கள். என் கண் நிறைந்ததை ஒருவரும் காணவில்லை என்று நினைக்கிறேன். அல்லது மிளகாய் என்று நினைத்திருப்பார்கள்.

அதற்குப் பிறகு ஒழுங்கு என்று ஒன்றும் இல்லை. எல்லோரும் எல்லோருக்கும் பூசினார்கள். கிச்சினர்க்காரரின் மனைவி எனக்குப் பூசினாள், கல்லூரிப் பிள்ளைகள் இவரைத் துரத்திப் பூசினார்கள். பிறகு அவள் என்னையும் இவரையும் எதிர் எதிரே நிறுத்தினாள்.

"இனி நீங்கள் இரண்டு பேரும்."

நான் மாவை எடுத்தேன். கை பழக்கத்தில் இவருடைய நெற்றியில் மூன்று விரலால் திருநீறு இழுத்துவிட்டேன். இவர் சிரித்துவிட்டார். பிறகு இவருடைய முறை. பேருக்கு ஒரு பொட்டு வைத்துவிட்டு விலகுவார் என்றுதான் நான் நினைத்தேன். இவர் சட்டிக்குள் இரண்டு கையையும் விட்டார். என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, பெருவிரல்களால் கன்னம் முழுவதும், நாடி, காதுக்குக் கிட்ட வரை, ஒரு இடம் விடாமல் மெல்லப் பூசினார். மிளகாய் மூட்டை தூக்கித் தூக்கிச் சொரசொரத்த கை. அத்தனை பேர் நின்று பார்த்தார்கள். இவர் அவசரப்படவே இல்லை.

"காணும்," என்றேன்.

"பொறும்," என்றார். "மூக்கு மிச்சம் இருக்கு."

பிறகு பெண்கள் வட்டமாக நின்று ஆடினார்கள். போபிர் என்று அந்த ஆட்டத்துக்குப் பெயர். ஐந்து பேருக்கு வட்டம் சின்னதாக இருந்தது. என்னையும் இழுத்துவிட்டார்கள். பெரிய துள்ளல் ஒன்றும் இல்லை. பக்கத்தில் நிற்பவரோடு சேர்ந்து மெல்ல அடி எடுத்துவைத்து, அசைந்து அசைந்து சுற்றி வருவது. ஒருத்தி பாட மற்றவர்கள் வாங்கிப் பாடினார்கள். எனக்குப் பாட்டு வரவில்லை, கால் வந்தது. குழந்தை இவருடைய கையில் இருந்தது. அரிசியில் செய்த ஒரு பானத்தைக் கிச்சினர்க்காரர் இவருக்கு மூங்கில் குவளையில் ஊற்றிக் கொடுத்தார். "கள்ளு மாதிரி இருக்கு," என்று இவர் எனக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டு, "ஆனா கள்ளில்லை," என்று குழந்தைக்கு விளக்கம் கொடுத்தார். பிறகு சாப்பாடு. மூங்கில் குருத்துப் போட்ட கோழியும் அரிசியும் களி மாதிரிக் குழைந்திருந்தன. உறைப்புக் காணாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அன்றைக்கு.

வெளிக்கிடும்போது ஒரு டப்பாவில் சாப்பாடு கட்டித் தந்தாள். "நாளைக்கு என்ன செய்வீர்கள்?" என்று கேட்டாள். வேலைக்குப் போவோம் என்றோம்.

"ஐயோ, கூடாது. எங்கள் ஊரில் மோபின் முடிந்ததும் சில நாள் வயலுக்குப் போகமாட்டோம். ஓய்வு எடுக்கவேண்டும். போனால் மோபினிடம் கேட்டதெல்லாம் கிடைக்காது."

"உங்கடை வீட்டுக்காரர்?" என்று இவர் கேட்டார்.

"அவருக்கு நாளைக்கு ட்ரக்கில் மொன்றியல் போகவேண்டும்," என்று சொல்லிச் சிரித்தாள். "நீங்களாவது இருங்கள்."

காருக்குள் ஏறியதும் இவர் போனை எடுத்தார். பதினைந்து வருடமாக இவர் லீவு எடுத்ததை நான் காணவில்லை. காய்ச்சலோடும் போய் நிற்பவர். முதலாளி அண்ணையின் குரல் ஸ்பீக்கரில் கேட்டது.

"அண்ணை, நாளைக்கு நாங்கள் வரேல்லை."

"ஏன், ஏதும் வருத்தமே?"

"இல்லை அண்ணை. கொண்டாட்டம்."

"என்ன கொண்டாட்டம்? வருசப்பிறப்புக்கு இன்னும் நாள் கிடக்கே."

"இது வேறை," என்றார் இவர். "வந்து சொல்லுறன். அந்த மா மிஷினுக்கும் பெல்ற் ஒண்டு வேணும்."

திங்கட்கிழமை எட்டரை வரை படுத்திருந்தோம். பிறகு ஏரிக்கரைக்குப் போனோம். அங்கே நடக்க முடியாத குளிர்க்காற்று. காரைத் தண்ணீருக்கு எதிரே நிறுத்தி, ஹீற்றரைப் போட்டுக்கொண்டு, அவள் தந்த சாப்பாட்டை ஒரே டப்பாவில் இருந்து சாப்பிட்டோம். பாதியில் இவர் கரண்டியை வைத்துவிட்டு, நான் வருவதற்கு முந்தின அந்த ஏழு வருடங்களைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். ஜன்னல் இல்லாத ஒரு பேஸ்மென்ற் அறையை ஆறு பேரோடு பகிர்ந்தது. என் கடிதம் வரும் நாளில் மட்டும் சவரம் செய்தது. விமான நிலையத்துக்கு வெளிக்கிட முதல், என்ன சொல்லவேண்டும் என்று கண்ணாடிக்கு முன்னால் நின்று சொல்லிப் பார்த்தது.

"அப்ப ஏன் ஒண்டும் சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

"நீர் குளிரிலை நடுங்கிக்கொண்டு நிண்டீர். முதல்லை சட்டையைப் போடுவம் எண்டு நினைச்சன். பிறகு எல்லாம் மறந்துபோச்சு."

"இப்ப ஞாபகம் இருக்கோ?"

இவர் டப்பாவை மூடி வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். பிறகு சொன்னார். அதை நான் இங்கே எழுதப்போவதில்லை.